பைன் ஸ்ட்ரா மூடாக்கு: செம்மண் சரிவு, வீட்டுச் சுவர், எத்தனை கட்டு வாங்குவது?

கேள்வி: செம்மண்மேடு

வணக்கம். அட்லாண்டாவுக்கு வடக்கே புறநகரில் தனி வீடு. மண் கெட்டியான செங்களி. முன்சுவர் செங்கல், பக்கவாட்டிலும் பின்னாலும் வினைல் சைடிங் (சுவர்மேல் அடிக்கும் பிளாஸ்டிக் பட்டை). இப்போது பாத்திகளில் கிடப்பது சாயம் போட்ட மரச்சில்லு. கோடையில் இடிமழை கொட்டும்போதெல்லாம் சரிவிலிருந்து மிதந்து நடைபாதைக்கு வந்துவிடுகிறது. அதனால் பைன் ஸ்ட்ராவுக்கு, அதாவது உதிர்ந்து காய்ந்த பைன் ஊசியிலைக்கு, மாறலாம் என்று இருக்கிறேன். வீட்டு உரிமையாளர் சங்க (ஹெச்ஓஏ) விதியில் இரண்டுக்கும் அனுமதி உண்டு.

முன்பாத்தி 420 சதுர அடி. அசேலியா, கமேலியா, பாக்ஸ்வுட் இருக்கின்றன. செங்கல் சுவரை ஒட்டி 40 அடி நீளம். பக்கவாட்டுப் பாத்தி 380 சதுர அடி, ஹைட்ராஞ்சியா. வினைல் சுவரை ஒட்டி 50 அடி. தெருப்பக்கச் சரிவு, தரையோடு டேப் பிடித்து அளந்தது, 700 சதுர அடி. மூன்றடிக்கு ஓரடி இறக்கம். அங்கே நட்ட ஜூனிபர் இன்னும் படரவில்லை. கூரைத் தண்ணீர்க் குழாய் ஒன்று அந்தச் சரிவின் தலைமாட்டில்தான் இறங்குகிறது.

சரிவில் இது நிற்குமா? ஊசியிலை மண்ணைப் புளிக்க வைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? கரையான், தீ இரண்டும் கவலையாக இருக்கிறது. எந்த வகை வாங்குவது, எத்தனை கட்டு? பின்னால் கத்தரி, மிளகாய், வெண்டைக்கு இரண்டு மேட்டுப்பாத்தியும், தொட்டியில் கறிவேப்பிலையும் இருக்கின்றன. அவற்றுக்கும் போடலாமா?

பதில்: பீட்மான்ட்பாத்தி

சரிவுக்கு உங்கள் பகுதியில் இதைவிடப் பொருத்தமான மூடாக்கு கிடையாது. மரச்சில்லு ஒவ்வொன்றும் தனித்தனி. தண்ணீர் ஓடினால் தனித்தனியாக மிதந்து போய்விடும். பைன் ஊசி இரண்டு மூன்றாகக் காம்பில் சேர்ந்தபடியே உதிர்கிறது. கொட்டிப் பரப்பினால் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு பாய் போல் படிந்துவிடும். மழைத்துளி அதன்மேல் உடைந்து மெதுவாகக் கீழே இறங்கும். களிமண் மேற்பரப்பு அடிபட்டு ஏடு கட்டுவதும் இதனால் குறைகிறது.

ஆனால் மேலிருந்து விழும் மழையைத்தான் அது தாங்கும், ஓரிடத்தில் குவிந்து பாயும் தண்ணீரைத் தாங்காது. சரிவின் தலைமாட்டில் இறங்கும் அந்தக் குழாயை முதலில் கவனியுங்கள். 4 அங்குலக் குழாயை மண்ணுக்குள் புதைத்து, தண்ணீரைச் சரிவின் அடிவாரத்தில் கொண்டுபோய் விடுங்கள். அது முடியாவிட்டால் தண்ணீர் ஓடும் தடத்தை மட்டும் ஓரடி அகல ஓடையாக வெட்டி, கைப்பிடி அளவு ஆற்றுக்கற்களை இரண்டு அடுக்காகப் பதியுங்கள். இதைச் செய்யாமல் ஸ்ட்ரா போட்டால் அடுத்த பெருமழைக்கு அந்த ஒரு கோட்டில் மண் அரித்து, இரண்டு பக்கத்து ஸ்ட்ராவும் சுருண்டு கீழே வந்து கிடக்கும். "பைன் ஸ்ட்ரா சரிவில் நிற்கவில்லை" என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் கதை.

வகையைப் பற்றி. கடைகளில் லாங்லீஃப், ஸ்லாஷ், லாப்லாலி என்று மூன்று உண்டு. லாங்லீஃப் ஊசி 8 முதல் 18 அங்குலம் வரை நீளும். மெழுகுப் பூச்சு நன்றாக இருப்பதால் மக்க நாளாகும். செம்பழுப்பு நிறமும் நிற்கும். ஒரு வருடம் தாராளமாக வரும், சில இடங்களில் அதற்கு மேலும். ஸ்லாஷ் 7 முதல் 10 அங்குலம். சமதளப் பாத்திக்குப் போதும். லாப்லாலி 6 முதல் 9 அங்குலம், மெல்லியது. சீக்கிரம் படிந்து சாம்பல் நிறமாகிவிடும், ஆறேழு மாதத்திலேயே மேலே போட வேண்டிவரும். விலை குறைவு என்பதைத் தவிர அதை வாங்கக் காரணம் இல்லை.

"லாங் நீடில்" என்று எழுதி விற்பதெல்லாம் லாங்லீஃப் அல்ல. ஸ்லாஷையும் அந்தப் பெயரில் விற்பார்கள். கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவி எண்ணிப் பாருங்கள். கொத்துக்கு மூன்று ஊசி, நீளம் 10 அங்குலத்துக்கு மேல் என்றால் லாங்லீஃப். இரண்டு ஊசிக் கொத்தும் மூன்று ஊசிக் கொத்தும் கலந்து, 10 அங்குலத்துக்குள் இருந்தால் ஸ்லாஷ். எல்லாம் மூன்று ஊசியாகவும் 9 அங்குலத்தைத் தாண்டாமலும் இருந்தால் லாப்லாலி. கூடவே கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். ஈரப்பிசுக்கும் பூஞ்சை வாடையும் இருந்தால் மழையில் நனைந்த சரக்கு. குச்சி, பைன் காய், புல் வேர் அதிகம் இருந்தால் துப்புரவில்லாத தோப்பில் வாரியது. களை விதை உங்கள் பாத்திக்கு இலவசமாக வந்து சேரும்.

போடும் முறை. பழைய களையைப் பிடுங்கிவிட்டு, முளைக்கும் முன் தடுக்கும் களைக்கொல்லி போடுவதானால் மண்மேல் தூவி, தண்ணீர் விட்டு, அதன் பிறகு ஸ்ட்ரா. ஓரத்தில் மண்வெட்டியால் 4 அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் எடுங்கள்: புல்தரைப் பக்கம் நேர்க்குத்தாக, பாத்திப் பக்கம் சாய்வாக. கட்டின் கயிறை வெட்டினால் ஸ்ட்ரா ஏடு ஏடாகப் பிரிந்து வரும். அதை அப்படியே வைக்காதீர்கள், அழுத்தமான ஏட்டின் வழியே தண்ணீர் இறங்காது. இரண்டு கையாலும் உதறி, 4 முதல் 5 அங்குல உயரத்துக்குப் பொசபொசவென்று போடுங்கள். இரண்டு வாரத்தில் 3 அங்குலத்துக்குப் படியும்.

சரிவில் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி வேலை செய்யவேண்டும். ஊசிகள் சரிவுக்குக் குறுக்கே படுக்கும்படி பரப்புங்கள். நெடுக்காகப் படுத்தால் தண்ணீருக்கு அதுவே வழி. களிமண் வழவழவென்று இருந்தால், பரப்பும் முன் மண்வாரியால் (ரேக்) ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே அரை அங்குலக் கீறல் போட்டால் ஸ்ட்ரா பிடித்துக்கொள்ளும். உங்கள் இறக்கத்துக்கு வலை தேவையில்லை. இரண்டடிக்கு ஓரடி என்ற இறக்கத்துக்கு மேல் போனால் தென்னை நார் வலையை விரித்து 6 அங்குலக் கொக்கி ஆணியால் அடிக்கலாம். நார் மக்குவதற்குள் செடி படர்ந்துவிடும்.

கடைசியில் ஓர ஸ்ட்ராவை மண்வாரியின் முதுகால் வாய்க்காலுக்குள் சுருட்டித் தள்ளி அழுத்துங்கள். இந்த மடிப்புதான் காற்றில் பறக்காமல் பிடிப்பது. பார்க்கவும் பாத்தி திருத்தமாக இருக்கும். முடித்த அன்றே முழுவதும் நனையும்படி ஹோஸ் பிடியுங்கள். செடித்தண்டிலிருந்து 3 அங்குலம், மரத்தூரிலிருந்து அரையடி விலக்கம். மரத்தைச் சுற்றிக் குன்றாகக் குவிப்பது தெருவுக்குத் தெரு நடக்கிறது. பட்டை ஈரத்தில் ஊறி அழுகுவதற்கு அதுதான் வழி.

சுவரிலிருந்து ஓரடி விட்டால் கரையானுக்குப் போதும். கணக்கு: வழக்கமான 14 அங்குலச் சதுரக் கட்டு ஒன்று, 3 அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய 40 சதுர அடி மூடும். உருளைக் கட்டு பெரியது, விற்பவரிடமே எத்தனை சதுர அடி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: புளிப்பளவு

மண் புளிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மரத்திலிருந்து அப்போதே பறித்த பச்சை ஊசி நல்ல புளிப்புத்தான், பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்கும் கீழே. இந்தப் பயம் அங்கிருந்து வந்தது. உதிர்ந்து காய்ந்து, மேலே கிடந்து மக்கும்போது நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களை உடைத்துவிடுகின்றன. மேற்பரப்பில் 3 அங்குலம் கிடக்கும் ஸ்ட்ரா, வேர் இருக்கும் 6 அங்குல ஆழ மண்ணின் பிஹெச்சை அளந்து பார்க்கும் அளவுக்கு மாற்றுவதில்லை. களிமண்ணுக்குத் தாங்குசக்தி அதிகம். அதை நகர்த்தவேண்டுமென்றால் கந்தகத்தூளோ சுண்ணாம்போ எடை போட்டுப் போட்டால்தான் உண்டு.

பைன் மரத்தடியில் ஒன்றும் முளைப்பதில்லையே என்பார்கள். அங்கே நிழல், மரவேர் உறிஞ்சி வறண்ட மேல்மண், பல வருடச் சருகு என்று மூன்றும் சேர்ந்திருக்கின்றன. புளிப்பு மட்டும் காரணமல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புளூபெர்ரிக்கு மண்ணைப் புளிப்பாக்க வேண்டும் என்று ஸ்ட்ராவை நம்பி உட்காராதீர்கள். புளூபெர்ரிக்கு 4.5 முதல் 5.5 வரை பிஹெச் வேண்டும். அளந்து, தேவையென்றால் நடுவதற்கு முன்பே கந்தகத்தூள் போடவேண்டும். ஸ்ட்ரா அதற்கு நல்ல மூடாக்கு, அவ்வளவே.

உங்கள் செம்மண், சுண்ணாம்பு போடாத இடமானால், இயல்பாகவே புளிப்பு. அசேலியாவுக்கும் கமேலியாவுக்கும் அது ஒத்துப்போகும், பாக்ஸ்வுட்டுக்குக் கொஞ்சம் அதிகம். ஊகம் வேண்டாம்: பாத்தியில் எட்டுப் பத்து இடத்தில் மேலே கிடக்கும் மூடாக்கை ஒதுக்கிவிட்டு, 6 அங்குல ஆழம் வரை மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து இரண்டு கோப்பை அளவு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கவுண்டி (மாவட்ட) வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கொடுங்கள். முன்பாத்திக்கு ஒன்று, காய்கறிப் பாத்திக்கு ஒன்று என்று தனித்தனியாக. துத்தநாகப் பூச்சு வாளி வேண்டாம், துத்தநாக அளவு தப்பாக வரும். என்ன பயிர் என்று எழுதிக் கொடுத்தால் சுண்ணாம்பு எத்தனை பவுண்டு என்பதுவரை சொல்லி அனுப்புவார்கள்.

ஹைட்ராஞ்சியா பூ நீலமா இளஞ்சிவப்பா என்பதும் மண்ணில் கிடைக்கும் அலுமினியத்தையும் பிஹெச்சையும் பொறுத்தது. ஸ்ட்ரா போட்டதால் நிறம் மாறாது.

பதில்: ஐந்தடிக்கோடு

மேலே பீட்மான்ட்பாத்தி சொன்ன "சுவரிலிருந்து ஓரடி போதும்" என்பது கரையானுக்குச் சரி. தீக்குச் சரியல்ல. அதுவும் வினைல் சுவருக்குக் கொஞ்சமும் சரியல்ல.

காய்ந்த பைன் ஊசி, மரச்சில்லைவிட வேகமாகப் பற்றும், சுடரும் உயரமாக எழும். மரச்சில்லு பெரும்பாலும் புகைந்துகொண்டு நகரும். பார்த்து அணைக்க நேரம் கிடைக்கும். பைன் ஸ்ட்ராவில் சிகரெட் துண்டு ஒன்று விழுந்தால், காற்றும் வறட்சியும் சேர்ந்த நாளில் அந்த நேரம் கிடைக்காது. வினைல் சூட்டில் இளகித் தொங்கிவிடும். அதற்குப் பின்னால் இருப்பது மரப்பலகை. அங்கிருந்து தீ கூரை ஓரத்துக்கு ஏறிவிடும்.

வட கரோலினாவில் இதற்குத் தீ விதியே இருக்கிறது. எரியக்கூடிய வெளிச்சுவர் உள்ள கட்டடத்திலிருந்து 10 அடிக்குள் பைன் ஸ்ட்ரா போடக்கூடாது. தனி வீட்டுக்கும் இரு குடும்ப வீட்டுக்கும் விலக்கு உண்டு. அபார்ட்மென்ட், டவுன்ஹவுஸ் வரிசைகளுக்கு அது பொருந்துமா என்று அவரவர் நகரத் தீயணைப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. 2007 பிப்ரவரியில் ராலியில் ஒரு டவுன்ஹவுஸ் குடியிருப்பில் பிடித்த தீ முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளைப் பாதித்தது. அது பரவியதில் பைன் ஸ்ட்ராவுக்கும் பங்கு இருந்தது. விலக்கு இருப்பதால் தனி வீடு எரியாது என்று அர்த்தமில்லை.

ஆகவே: வினைல் சுவரிலிருந்து 5 அடி வரை எரியாத பொருள், அதாவது கல். செங்கல் சுவரிலிருந்து ஓரடிக் கல் போதும். ஆனால் மேலே வினைல் போட்ட முக்கோணக் கூரைமுகப்போ மர ஜன்னல் சட்டமோ தாழ்வாக இருந்தால் அந்த இடத்திலும் அகலம் கூட்டுங்கள். ஏசி வெளிப்பெட்டி, எரிவாயு மீட்டர், துணி உலர்த்தியின் புகைவாய், கிரில் வைக்கும் இடம், மரத் தளத்தின் அடிப்பகுதி, இவற்றைச் சுற்றி ஸ்ட்ரா வேண்டவே வேண்டாம். கூரையோர மழைநீர்த் தகட்டில் விழும் பைன் ஊசியையும் வாரிவிடுங்கள். கீழே எத்தனை கவனமாக இருந்தாலும் மேலே காய்ந்த ஊசி கிடந்தால் பறந்துவரும் பொறி அங்கே பிடிக்கும்.

பதில்: பீட்மான்ட்பாத்தி

ஒப்புக்கொள்கிறேன்; வினைல் பக்கம் 5 அடியே சரி. அந்தக் கணக்கில் அளவை மாற்றுகிறேன்.

முன்பாத்தி: 40 அடிக்கு ஓரடிக் கல், 40 சதுர அடி கழித்தால் ஸ்ட்ராவுக்கு 380. பக்கவாட்டு: 50 அடிக்கு 5 அடிக் கல், 250 கழித்தால் 130. இரண்டும் சேர்ந்து 510. 40-ஆல் வகுத்தால் 13 கட்டு. சரிவுக்கு 4 அங்குலக் கனம் வையுங்கள், அப்போது ஒரு கட்டு 30 சதுர அடிதான் மூடும். 700-க்கு 24 கட்டு. மொத்தம் 37. ஓர மடிப்புக்கும் குறைக் கட்டுக்கும் மூன்று கூட்டி 40 கட்டு சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் ஒன்றரை அங்குலம் மேலே போட்டால் போதும். இதில் பாதிதான் ஆகும்.

கல் 290 சதுர அடிக்கு, 2 அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 1.8 கன கஜம். 2 கன கஜம் வாங்குங்கள். எடை இரண்டரை டன்னுக்கு மேல் வரும், லாரி டிரைவ்வேயில் கொட்டும் இடத்தை முன்பே தீர்மானியுங்கள். "57 ஸ்டோன்" (ஒரு அளவு உடைகல்லின் பெயர்) என்று கேட்டால் எந்தக் கல் யார்டிலும் கொடுப்பார்கள். கல்லுக்கு அடியில் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி போடலாம், கல் மண்ணுக்குள் புதையாமல் இருக்கும். ஸ்ட்ராவுக்கு அடியில் எந்தத் துணியும் வேண்டாம். சரிவில் துணிமேல் ஸ்ட்ரா வழுக்கிக்கொண்டு இறங்கும். மக்கின சருகு மண்ணோடு சேராது. இரண்டு வருடத்தில் களைவேர் துணியைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டால் பிடுங்கவும் முடியாது.

கரையானைப் பற்றி ஒன்று. அது பைன் ஊசியைத் தேடி வருவதில்லை, மூடாக்கின் கீழுள்ள ஈரத்துக்கு வருகிறது. இது எந்த மூடாக்குக்கும் பொருந்தும், கல்லுக்கும்தான். முக்கியம் என்னவென்றால், வருடாந்திரச் சோதனைக்கு வருபவர் அஸ்திவாரத்தில் மண் குழாய் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சைடிங்கின் அடிவிளிம்புக்குக் கீழே 6 அங்குலக் கான்கிரீட்டாவது கண்ணில் படட்டும். செங்கல் சுவரின் அடிவரிசையில் இரண்டு மூன்றடிக்கு ஒன்றாக நிலைக்குத்து இடைவெளி விட்டிருப்பார்கள், சுவருக்குள் புகுந்த நீர் வெளியேறும் வழி அது. அதைக் கல்லாலும் மூடாதீர்கள், ஸ்ட்ராவாலும் மூடாதீர்கள். மண் அதற்கு மேலேறிக் கிடந்தால் மூடாக்கு போடும் முன் வெட்டி இறக்குங்கள்.

உண்மையில் ஸ்ட்ராவை விரும்பி வருவது கரப்பான், அதிலும் கருப்பழுப்பில் பளபளக்கும் பெரிய வகை. கதவோரத்தில் கனமான ஸ்ட்ரா கிடந்தால் வீட்டுக்குள் வரும். கல் பட்டை அதற்கும் உதவும்.

கேள்வி கேட்டவர்: செம்மண்மேடு

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பழைய மரச்சில்லை முழுக்க அள்ளவேண்டுமா? புல்தரை பெர்முடா, இப்போதே பாத்திக்குள் ஓடிவருகிறது. ஸ்ட்ரா அதைத் தடுக்குமா? காய்கறிப் பாத்தி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: கத்தரிக்கொல்லை

பெர்முடா என்பது நம் அருகம்புல்லேதான். எந்த மூடாக்கும் அதைத் தடுக்காது. ஸ்ட்ராவுக்குள் குளிர்ச்சியாக ஓடி நாலடி தள்ளித் தலைகாட்டும். அதைத் தடுப்பது அந்த 4 அங்குல ஓர வாய்க்கால். கோடையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வாய்க்காலைத் தாண்டி வரும் ஓடுதண்டை அரைவட்ட வெட்டியால் வெட்டுங்கள். ஏற்கெனவே உள்ளே வந்திருப்பதை ஸ்ட்ரா போடும் முன் வேர்த்தண்டோடு தோண்டி எடுங்கள், துண்டு மிச்சமிருந்தாலும் துளிர்க்கும். கோரையும் அப்படித்தான், ஸ்ட்ராவைக் குத்திக்கொண்டு மேலே வரும். மற்றபடி விதையிலிருந்து முளைக்கும் களைகளை 3 அங்குல ஸ்ட்ரா நன்றாகவே அடக்கும்.

காய்கறிக்குப் போடலாம், நேரம் பார்த்து. கத்தரிக்கும் வெண்டைக்கும் மண் சூடேற வேண்டும். மார்ச்சிலேயே மூடினால் மண் குளிர்ந்தே கிடந்து செடி உட்கார்ந்துவிடும். நாற்று நட்டு, மே நடுவில் புதுத் துளிர் ஓடத் தொடங்கிய பிறகு 2 அங்குலம் போடுங்கள். சொட்டுநீர்க் குழாய் ஸ்ட்ராவுக்கு அடியில் இருக்கட்டும். வெண்டையை நேரடியாக விதைப்பதானால் முளைத்து அரையடி வளர்ந்த பிறகு. கீரைப் பாத்திக்கு வேண்டாம்: நெருக்கமாக விதைப்பதற்கு நடுவே ஊசியைப் பரப்பவும் முடியாது, அறுக்கும்போது கீரையோடு ஊசியும் வரும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இதில் பெரிய லாபம், மழைத்துளி மண்ணைத் தெறித்துக் கீழிலையில் ஒட்டாது. மண்வழி வரும் இலைப்புள்ளி குறையும்.

பருவம் முடிந்ததும் ஸ்ட்ராவை மண்ணில் கொத்திக் கலக்காதீர்கள். மேலே கிடக்கும்வரை தழைச்சத்துக்குக் கேடில்லை. மண்ணுக்குள் புதைத்தால் அதை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்த போகத்து நாற்று வெளிறி நிற்கும். வாரி ஒதுக்கி, நட்டபின் திரும்பப் போடுங்கள். பாதி மக்கியதை உரக்குழிக்குப் பச்சைக் குப்பையோடு கலந்து போடலாம்.

சில பைன் தோப்புகளில் தரையைச் சுத்தமாக வைக்க, மண்ணில் நாள்பட நிற்கும் களைக்கொல்லி அடிப்பதுண்டு. அலங்காரச் செடிக்கு வாங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. காய்கறிக்கு வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் சோதனை எளிது: ஒரே மண் நிரப்பிய இரண்டு தொட்டியில் பீன்ஸ் விதையுங்கள். ஒன்றில் இந்த ஸ்ட்ராவை வெட்டிப் போட்டுத் தண்ணீர் அதன் வழியே இறங்கட்டும், மற்றதில் ஒன்றும் வேண்டாம். மூன்று வாரத்தில் ஸ்ட்ரா தொட்டியில் மட்டும் இலை குவிந்தோ முறுக்கியோ வந்தால் அந்தக் கட்டைச் சரிவுக்கு அனுப்புங்கள்.

கறிவேப்பிலைத் தொட்டிக்கு வேண்டாம். குளிர்காலத்தில் உள்ளே கொண்டுவர வேண்டிய செடி. ஸ்ட்ரா மூடியிருந்தால் மேல்மண் காய்ந்ததா என்று விரல் வைத்துப் பார்க்க முடியாது. வெளிச்சம் குறைந்த மாதங்களில் அதிக ஈரம்தான் அதற்கு எமன். கரப்பானும் தொட்டியோடு உள்ளே வரும்.

பதில்: குன்னூர்ச்சரிவு

நீலகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து இதைப் படிப்பவர்களுக்காக. நம் மலையில் அதிகம் இருப்பது பேட்டுலா பைன். ஊசி ஏறக்குறைய 6 முதல் 10 அங்குலம், நூல் போல் மெல்லியது, தொங்கும். லாங்லீஃப் போல் பொசபொசவென்று நிற்காது. மழைக்காலத்தில் அழுந்திச் சடைப்பிடித்துவிடும். அதனால் 2 அங்குலம் போதும். பருவமழைக்கு முன் ஒருமுறை மண்வாரியால் கிளறி விடுங்கள்.

முதலில் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். காப்புக்காட்டில் சருகானாலும் அனுமதியின்றி வாரக்கூடாது. 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டம் அதற்கும் பொருந்தும். சொந்த நிலத்திலோ உரிமையாளர் சம்மதத்தோடு பட்டா நிலத்திலோ நிற்கும் மரத்தடியில் மட்டும் வாருங்கள். வாரும்போது காய்களைக் கட்டாயம் பொறுக்கிவிடுங்கள். பேட்டுலா காய் பல வருடம் மூடியபடி விதையை வைத்திருந்து சூடு பட்டால் திறக்கும். சோலையையும் புல்வெளியையும் ஆக்கிரமிக்கும் மரம் அது. பாத்தியில் பைன் கன்று முளைத்தால் விரல் நீளத்திலேயே பிடுங்கிவிடவேண்டும்.

மலைச்சரிவுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரி, ஹைட்ராஞ்சியா, அசேலியாவுக்கு நன்றாக இருக்கும். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் நம் மண்ணின் புளிப்பைக் குறைக்க டோலமைட் போடுகிறோம். அந்தக் கணக்கை ஸ்ட்ராவுக்காக மாற்ற வேண்டியதில்லை, மேலே புளிப்பளவு சொன்ன காரணம்தான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, உறைபனியில் புல் காய்ந்து காட்டுத்தீ அபாயம் இருக்கும் மாதங்களில், வீட்டையும் விறகுக் கொட்டகையையும் ஒட்டிக் கிடப்பதை வாரி அப்புறப்படுத்துங்கள். படிக்கட்டிலும் நடைவழியிலும் எந்த மாதமும் வேண்டாம். காய்ந்த பைன் ஊசி செருப்புக்கு அடியில் வழுக்கும், சரிவில் வயதானவர்களுக்கு ஆபத்து.

பதில்: பீட்மான்ட்பாத்தி

செம்மண்மேடு, பழைய மரச்சில்லுக் கேள்வி விடுபட்டுவிட்டது. 2 அங்குலத்துக்குள் இருந்தால் சமதளப் பாத்தியில் அப்படியே விட்டு, மேலே 2 அங்குல ஸ்ட்ரா போடலாம். அப்போது அங்கே 13 கட்டுக்குப் பதில் 9 போதும். கட்டியாகி வெள்ளைப் பூஞ்சை ஏறி, தண்ணீர் விட்டால் உருண்டு ஓடுகிறதென்றால் மண்வாரியால் உடைத்துவிட்டு மேலே போடுங்கள். சரிவில் மட்டும் முழுக்க வாரி எடுத்துவிடுங்கள். சில்லுமேல் கிடக்கும் ஸ்ட்ராவுக்கு மண்ணோடு பிடி இருக்காது. சில்லு மிதக்கும்போது அதையும் தூக்கிக்கொண்டு போகும். கல் போடும் இடத்திலும் எடுத்துவிடவேண்டும், கல்லுக்கு அடியில் மரம் கிடந்து மக்கினால் நீங்கள் விலக்கப் பார்க்கும் கரையானுக்கே தீனி.

எப்போது வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊசி பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை உதிர்கிறது. குளிர்காலத்தில் வாரிக் கட்டியது புதுச்சரக்கு. கோடையில் கிடைப்பது பெரும்பாலும் கிடங்கில் கிடந்தது. ஜனவரியில் குழாய், கல், ஓர வாய்க்கால் வேலையை முடித்துவிட்டு, பிப்ரவரி கடைசியில் ஹைட்ராஞ்சியாவின் காய்ந்த பூக்களைக் கழித்தபின் ஸ்ட்ரா போடுங்கள். பழைய தண்டில் பூக்கும் வகையானால் தண்டை வெட்டாதீர்கள், பூவை மட்டும். மார்ச் கடைசியில் பைன் மகரந்தம் மஞ்சள் மஞ்சளாக எல்லாவற்றின் மேலும் படியும். அது கெடுதலல்ல, ஒரு மழையில் போய்விடும். லாரியில் வந்த கட்டுகளை அன்றே பிரிக்க முடியாவிட்டால் மரப்பலகைமேல் அடுக்கி மேலே மட்டும் தார்ப்பாய் போடுங்கள், பக்கங்களை மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடுக்குவது வீட்டுச் சுவரிலிருந்தும் கராஜ் கதவிலிருந்தும் தள்ளி.